சாவி உன்னிடமா, அவனிடமா?

ஆங்கிலத்தில் கடிதமோ மின்னஞ்சலோ எழுதுகிற நம் ஆட்கள் பலருக்கும் கை நின்றுபோகிற இடம் ஒன்று உண்டு. அலுவலகத்தில் பீரோ சாவியைக் காணோம். உன்னிடமோ அவனிடமோதான் இருக்கிறது என்று எழுத வேண்டும். 'ஐதர் யூ ஆர் ஹீ' என்று தொடங்கியாயிற்று. அடுத்து 'ஹேவ்' போடுவதா, 'ஹேஸ்' போடுவதா? 'யூ' என்றால் 'ஹேவ்', 'ஹீ' என்றால் 'ஹேஸ்'. வாக்கியத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். சாவி வைத்திருப்பவர் ஒருவர்தான். அவர் யார் என்பதும் தெரியாது. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, எழுதியதை அழித்து, 'ப்ளீஸ் ஃபைண்ட் த கீ' என்று முடித்துவிடுகிறோம்.

டீ வந்துவிட்டது. ஆறட்டும், அவசரமில்லை, இந்த முடிச்சை நிதானமாகவே அவிழ்க்கலாம். அவிழ்க்கும் வழி நமக்குத் தெரியாததும் அல்ல. தமிழில் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஆங்கிலம் என்றதும் மறந்துவிடுகிறோம்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். ஆங்கில இணைப்புச் சொற்களில் சில தனியாக வரும்: 'அண்ட்', 'பட்', 'ஆர்'. சில ஜோடி போட்டுக்கொண்டு வரும். 'ஐதர்' வந்தால் பின்னால் 'ஆர்', 'நைதர்' வந்தால் 'நார்', 'போத்' வந்தால் 'அண்ட்', 'நாட் ஒன்லி' வந்தால் 'பட் ஆல்சோ', 'வெதர்' வந்தால் மறுபடி 'ஆர்'. பள்ளிக்கூடத்தில் இவற்றைக் 'கோரிலேட்டிவ் கன்ஜங்ஷன்' என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். (ஒரு சின்ன எச்சரிக்கை: தமிழ் எழுத்தில் எழுதினால் 'அல்லது' என்கிற ஆங்கிலச் சொல்லும் பன்மைக்கு வருகிற வினைச்சொல்லும் ஒரே மாதிரி 'ஆர்' என்றுதான் விழும். இந்தப் பத்தியில் 'ஆர்' என்று வருகிற இடமெல்லாம் 'அல்லது'தான்.)

நமக்கு இந்த ஜோடிகள் புதிதில்லை. 'அவனும் நானும்' என்கிறோம். 'நீயோ அவனோ' என்கிறோம். உம்மைக்கு நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது. பொருள்களை அடுக்கி எண்ணுவது அவற்றில் ஒன்று. ஓகாரத்துக்கும் எட்டு. இரண்டு மொழிக்கும் வேறுபாடு இடத்தில்தான். நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் பெயருக்கு முன்னால் வைக்கிறார்கள். 'போத்' என்ற சொல் காதில் விழுந்த உடனே, இரண்டு பேர் வரப்போகிறார்கள், நடுவில் ஓர் 'அண்ட்' வரப்போகிறது என்று கேட்பவர் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். அந்த இடத்தில் வேறொரு சொல் வந்தால் அவருக்கு இடறும். நம் அலுவலகக் கடிதங்களில் 'போத் ஹீ ஆஸ் வெல் ஆஸ் ஐ' என்று நிறையப் பார்க்கலாம். சொல்ல வந்தது புரியும், ஆனாலும் தவறு. 'போத்' வந்தால் 'அண்ட்'தான். 'ஆஸ் வெல் ஆஸ்' வேண்டுமென்றால் 'போத்' கூடாது.

இப்போது சாவி விஷயம். 'போத்–அண்ட்' தொல்லை தராது. இரண்டு பேரும் சேர்ந்தே வருவதால் வினை எப்போதும் பன்மை. தொல்லை 'ஐதர்–ஆர்', 'நைதர்–நார்' இரண்டிலும்தான். இதற்குப் பாடப்புத்தகம் சொல்லும் விதி எளிமையானது: வினைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறாரோ அவரைப் பார்த்து வினையைப் போடு. ஆகவே 'ஐதர் யூ ஆர் ஹீ ஹேஸ் த கீ'. ஆட்களை இடம் மாற்றினால் 'ஐதர் ஹீ ஆர் யூ ஹேவ் த கீ'. 'அவனும் தயாராக இல்லை, நானும் தயாராக இல்லை' என்பதற்கு 'நைதர் ஹீ நார் ஐ ஆம் ரெடி'. 'நாட் ஒன்லி–பட் ஆல்சோ'வுக்கும் இதே விதிதான்.

விதி சரி. ஆனால் 'நைதர் ஹீ நார் ஐ ஆம் ரெடி' என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலேயர் காதுக்கே அது கொஞ்சம் உறுத்தும். நம் ஊர் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த ரென்–மார்ட்டின் இலக்கணப் புத்தகமும் பக்கத்து ஆளைப் பார் என்கிற விதியைச் சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட வாக்கியங்களைத் தவிர்ப்பதே நல்லது என்று ஆலோசனை தருகிறது. இரண்டாகப் பிரித்து எழுதிவிடு, அவன் தயாரில்லை, நானும் தயாரில்லை என்று. (அந்த ரென், 1924இல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' என்ற பிரபலமான சாகச நாவலை எழுதிய அதே பி. சி. ரென்தான். பாலைவனத்துப் பிரெஞ்சுப் படையைப் பற்றிக் கதை எழுதியவரின் பெயரைத்தான் நாம் இலக்கண வகுப்பில் பயத்தோடு உச்சரித்துக்கொண்டிருந்தோம்.)

பிரித்து எழுதுவது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. அது எனக்கு இன்னும் பிடித்த வழி.

தமிழுக்கு வாருங்கள். 'நீயோ அவனோ நாளைக்கு...' என்று தொடங்கி வாக்கியத்தை முடியுங்கள் பார்க்கலாம். 'வருவாய்' என்று முடிக்க வராது. 'வருவான்' என்றும் வராது. தமிழ் வினை ஆங்கில வினையைவிடப் பல மடங்கு கறாரானது. நான், நீ, அவன், அவள், அவர், அது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி விகுதி கேட்கும். 'அவனும் நானும் வருவோம்' என்று சேர்த்துச் சொல்ல வழி இருக்கிறது. 'நீயோ அவனோ' என்று இரண்டில் ஒருவரைச் சொன்னால் விகுதி திகைத்து நின்றுவிடும். இருந்தாலும் பேசும்போது நாம் ஒரு நொடிகூடத் தடுமாறுவதில்லை. ஏன்? 'நீயோ அவனோ நாளைக்கு வரணும்' என்றுதான் சொல்கிறோம். அல்லது 'வரலாம்'. அல்லது 'வந்தால் போதும்'.

'வர வேண்டும்', 'வரலாம்', 'வரக் கூடாது' ஆகிய மூன்றும் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. நான் வரலாம், நீ வரலாம், அவர்கள் வரலாம், மாடுகூட வரலாம். எல்லோருக்கும் ஒரே 'லாம்'. கட்டாயம், அனுமதி, சாத்தியம், தடை ஆகியவற்றைச் சொல்லும் இந்தச் சொற்கள்தான் 'நீயோ அவனோ' என்ற சிக்கலிலிருந்து நம்மை இழுத்து வெளியே விடுகின்றன. இலக்கணம் யோசித்து நாம் இதைச் செய்யவில்லை. நாக்கு தானாகவே அந்தப் பக்கம் போய்விடுகிறது.

ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்பவை 'மோடல்' வினைகள்: 'கேன்', 'குட்', 'மே', 'மைட்', 'ஷல்', 'ஷுட்', 'வில்', 'வுட்', 'மஸ்ட்'. 'ஐ கேன்', 'யூ கேன்', 'ஹீ கேன்'. 'ஹீ கேன்ஸ்' என்று ஒன்று கிடையாது. ஆகவே 'ஐதர் யூ ஆர் ஹீ மஸ்ட் கோ' என்று எழுதினால் பக்கத்தில் நிற்பவர் யார், தூரத்தில் நிற்பவர் யார் என்ற கேள்வியே எழாது. 'நைதர் ஹீ நார் ஐ கேன் கம்'. 'ஐதர் த மேனேஜர் ஆர் ஹிஸ் அசிஸ்டென்ட்ஸ் வில் சைன்'. ஒருமையும் பன்மையும் கலந்து நின்றாலும் கவலையில்லை.

ஏன் இவை மட்டும் மாறுவதில்லை என்று கேட்பவர்களுக்காக ஒரு வாய் டீ அதிகம் குடிக்கலாம். ஆங்கிலத்தில் 'ஸ்' ஒட்டும் தொல்லை நிகழ்காலத்தில் மட்டும்தான். இறந்தகாலத்தில் 'ஐ வென்ட்', 'ஹீ வென்ட்' என்று எல்லோருக்கும் ஒரே வடிவம் ('வாஸ்', 'வேர்' மட்டும் விலக்கு). 'கேன்', 'மே', 'ஷல்' மூன்றும் பிறப்பில் இறந்தகால வடிவங்கள். ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் மூதாதையான பழைய மொழியிலேயே இந்த மாற்றம் நடந்துவிட்டது. கடந்தகாலத்தில் ஒன்றை அறிந்துகொண்டேன், ஆகவே இப்போது தெரியும், ஆகவே செய்ய முடியும் என்று பொருள் நகர்ந்து 'கேன்' நிகழ்காலத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. நாமும் 'புரிந்ததா?' என்று கேட்டால் 'புரிந்தது' என்கிறோம். வடிவம் இறந்தகாலம், சொல்லும் செய்தி இந்த நிமிடத்தின் நிலை. காலம் மாறினாலும் 'கேன்' தன் பழைய வழக்கத்தை விடவில்லை. இறந்தகால வினைக்கு 'ஸ்' ஒட்டாது என்பதால் அதற்கும் ஒட்டவில்லை. 'மஸ்ட்' இன்னும் ஒரு படி மேல். இப்படி நிகழ்காலமாகிப்போன ஒரு வினைக்கு மறுபடி ஓர் இறந்தகாலம் செய்தார்கள். அதுவும் நாளடைவில் நிகழ்காலமாகிவிட்டது. 'வில்' மட்டும் வேறு வழியில் வந்த சொல், ஆனாலும் இந்தக் கூட்டத்தில் ஒன்றாகிவிட்டது. 'குட்' என்பதை எழுதும்போது நடுவில் ஒலிக்காத ஓர் 'எல்' எழுத்து இருக்கிறதே, அது 'வுட்', 'ஷுட்' இரண்டையும் பார்த்துப் பின்னால் சேர்க்கப்பட்டது. 'வில்'லிலும் 'ஷல்'லிலும் 'எல்' உண்டு, அதனால் அவற்றுக்கு நியாயம் இருக்கிறது. 'கேன்' என்பதில் ஏது 'எல்'?

இந்தக் கூட்டத்தில் சேராத, ஆனால் சேர்ந்தது போலத் தோன்றுகிற ஒன்றிடம் ஜாக்கிரதை வேண்டும். 'ஹேவ் டு' என்பதற்கு 'மஸ்ட்' போலவே கட்டாயப் பொருள் உண்டு. ஆனால் அது மோடல் அல்ல. 'ஹீ' வந்தால் 'ஹேஸ் டு' ஆகிவிடும். ஆகவே 'ஐதர் யூ ஆர் ஹீ' என்று தொடங்கி 'ஹேவ் டு' பக்கம் போனால் விட்ட இடத்துக்கே வந்து நிற்போம். 'நீட்' இரண்டு விதமாகவும் நடக்கும். 'ஹீ நீட் நாட் கம்' என்னும்போது அது மோடல், 'ஸ்' கிடையாது. 'ஹீ நீட்ஸ் டு கம்' என்னும்போது சாதாரண வினை.

மோடல் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அது சும்மா வருவதில்லை, தன் பொருளையும் கொண்டுவரும். சாவி வாக்கியத்தில் 'ஐதர் யூ ஆர் ஹீ மஸ்ட் ஹேவ் த கீ' என்று எழுதினால், 'உங்கள் இருவரில் ஒருவரிடம்தான் இருக்கணும்' என்கிற ஊகம் வருகிறது. அங்கே அது பொருத்தம். எழுதுகிறவர் ஊகம்தான் செய்கிறார். 'மே ஹேவ்' என்றால் 'இருக்கலாம்' என்று குரல் தணிகிறது. அதுவும் சில நேரம் நல்லதுதான், குற்றம் சாட்டுகிற தொனி வராது. ஆனால் 'தினமும் கிளார்க்கோ நானோ பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறோம்' என்ற தகவலை எழுதும்போது, வினை மாறுகிறதே என்று பயந்து 'மஸ்ட் சைன்' என்று போட்டால் அது தகவலாக இருக்காது, கடமையாகிவிடும். தணிக்கைக்கு வருகிறவர் படித்தால், அப்படியானால் கையெழுத்து இல்லாத நாளுக்கு யார் பொறுப்பு என்று கேட்பார். அந்த மாதிரி இடத்தில் பக்கத்து ஆள் விதியையே பின்பற்ற வேண்டியதுதான்.

மோடல் இன்னொரு உபகாரமும் செய்கிறது. 'ஹீ'யா 'ஹிம்'மா, 'ஐ'யா 'மீ'யா என்ற குழப்பம் ஜோடிச் சொற்கள் வந்தால் பெரிதாகிவிடும். தனியாக எழுதும்போது யாரும் 'மீ வில் கம்' என்று எழுதுவதில்லை. 'போத் ஹெர் அண்ட் மீ வில் கம்' என்று எழுதுகிறார்கள், படித்தவர்களே எழுதுகிறார்கள். ஜோடியைப் பிரித்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக மோடலுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். 'ஹெர் வில் கம்', 'மீ வில் கம்' இரண்டும் காதுக்கு ஒவ்வாது. அப்போது விடை 'போத் ஷீ அண்ட் ஐ வில் கம்'. 'நைதர் ஹிம் நார் மீ கேன்' என்பதும் இப்படித்தான் அடிபடும்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒரு தவறு உண்டு. 'ஐ' போட்டால்தான் மரியாதையான ஆங்கிலம் என்று நினைத்து, போடக்கூடாத இடத்திலும் போடுவது. 'த மேனேஜர் கேன் ப்ரமோட் ஐதர் ஹிம் ஆர் ஐ' என்று எழுதினால் தவறு. மேனேஜர் 'மீ'யைத்தான் உயர்த்த முடியும். 'ஐ'யை உயர்த்த முடியாது. வினைக்குப் பின்னாலும், 'ஃபார்', 'டு', 'பிட்வீன்' போன்ற சொற்களுக்குப் பின்னாலும் 'ஹிம்', 'ஹெர்', 'மீ'தான். 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்பது இன்றைக்கு ஆசிரியர்கள் சிவப்பு மை போடும் வடிவம். அது ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் அன்டோனியோ எழுதும் கடிதத்தில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரே எழுதியிருக்கிறாரே என்று தேர்வில் எழுதிவிட்டு வராதீர்கள். அவருக்குக் கிடைத்த சலுகை நமக்குக் கிடைக்காது. 'ஐ' எப்போதும் ஜோடியில் பின்னால்தான் வரவேண்டும் என்பது இலக்கணமில்லை, மரியாதை. நாம் 'நானும் அப்பாவும் போனோம்' என்று தயங்காமல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அப்பாவை முதலில் வைப்பதுதான் பழக்கம்.

அடுத்தது மறுப்பு. தமிழர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். 'நானும் என் மனைவியும் விழாவுக்கு வர முடியாது' என்பதை அப்படியே எடுத்து, 'போத் மை வைஃப் அண்ட் ஐ கேனாட் கம்' என்று எழுதிவிடுகிறோம். தமிழில் மறுப்பு கடைசியில் 'முடியாது' என்ற வடிவத்தில் வந்து இரண்டு பேரையும் சேர்த்துத் தட்டிவிடும், சந்தேகம் கிடையாது. ஆங்கிலத்தில் 'போத்' என்று தொடங்கி 'கேனாட்' என்று முடித்தால், படிப்பவர் 'இரண்டு பேரும் சேர்ந்து வர முடியாது. ஒருவர் வருவார் போலிருக்கிறது' என்றும் எடுத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டில் ஓர் இலை போட்டு வைத்திருப்பார்கள். 'நைதர் மை வைஃப் நார் ஐ கேன் கம்' என்று எழுதினால் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

'கேன்' என்று எழுதியிருக்கிறேன், 'கேனாட்' என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். 'நைதர்' உள்ளேயே 'இல்லை' இருக்கிறது. அதற்கு மேல் 'கேனாட்' போட்டால் இல்லை இல்லை என்று இரண்டு தடவை சொன்னதாகிவிடும். 'நாட்' ஏற்கெனவே வந்துவிட்டால் 'நைதர்–நார்' வேண்டாம், 'ஆர்' போதும்: 'யூ மஸ்ட் நாட் ஸ்மோக் ஆர் ட்ரிங்க்'. 'நாட்' வரவில்லையென்றால் 'யூ மஸ்ட் நைதர் ஸ்மோக் நார் ட்ரிங்க்'. இரண்டில் ஒன்று, இரண்டும் அல்ல.

இந்த அமைப்பின் மிகப் பிரபலமான வாக்கியம் இலக்கண நூலால் புகழ்பெறவில்லை, உளவுத்துறையால் புகழ்பெற்றது. 1968இல் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, கே-129, பசிபிக் கடலில் மூழ்கிப்போனது. கடலடியில் கிடந்த அதைத் தூக்கியெடுக்க அமெரிக்காவின் சிஐஏ ஒரு பெரிய கப்பலைக் கட்டவைத்தது. கோடீஸ்வரர் ஹோவார்ட் ஹியூஸ் கடலடியில் மாங்கனீஸ் எடுக்கப் போகிறார் என்று ஊருக்குக் கதை சொன்னார்கள். கப்பலின் பெயர் 'குளோமர் எக்ஸ்ப்ளோரர்'. 1974இல் முயன்றார்கள், முழுவதும் கைகூடவில்லை, ஒரு பகுதிதான் மேலே வந்தது. 1975இல் விஷயம் செய்தித்தாள்களில் கசிந்தது. பத்திரிகையாளர் ஒருவர் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் ஆவணங்களைக் கேட்டார். இருக்கிறது என்று சொன்னால் ரகசியம் போய்விடும். இல்லை என்று சொன்னால் பொய். அப்படிப்பட்ட ஆவணம் உண்டு என்று உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று பதில் போனது. இன்றைக்கும் அமெரிக்கச் சட்ட வட்டாரத்தில் இப்படிப்பட்ட பதிலுக்குக் 'குளோமர் பதில்' என்றுதான் பெயர். 2014 ஜூனில் ட்விட்டரில் கணக்குத் தொடங்கிய சிஐஏ தன் முதல் பதிவிலேயே இதே வாசகத்தை வைத்துத் தன்னைத் தானே கேலி செய்துகொண்டது.

'வீ கேன் நைதர் கன்ஃபர்ம் நார் டினை'. எவ்வளவு கச்சிதம் பாருங்கள். 'கேன்' ஒரே தடவைதான் வருகிறது, ஜோடிக்கு முன்னால் நிற்கிறது. அதனால் இரண்டு வினைக்கும் பொதுவாகிவிடுகிறது. 'நைதர்' பின்னால் ஒரு வினை, 'நார்' பின்னால் ஒரு வினை, சமமாக. வக்கீல்கள் எழுதிய வாக்கியம் என்று நம்பவே முடியாது.

ஜோடிச் சொற்களை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இந்த வாக்கியமே விடை. ஜோடிக்கு முன்னால் வைத்தது பொதுச் சொத்து. ஜோடியின் இரண்டு சொல்லுக்கும் பின்னால் வைப்பது ஒரே வகையாக இருக்க வேண்டும். 'பணம் கட்டு, இல்லையென்றால் கிளம்பு' என்பதை 'யூ மஸ்ட் ஐதர் பே ஆர் லீவ்' என்று எழுதலாம், 'மஸ்ட்' பொது. 'ஐதர் யூ மஸ்ட் பே ஆர் யூ மஸ்ட் லீவ்' என்றும் எழுதலாம். இரண்டு பக்கமும் முழு வாக்கியம். இரண்டையும் கலந்து 'யூ மஸ்ட் ஐதர் பே ஆர் யூ மஸ்ட் லீவ்' என்று எழுதினால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஆள் மாறினால் முழு வாக்கிய வடிவம்தான் வசதி: 'ஐதர் யூ மஸ்ட் பே ஆர் ஐ மஸ்ட்'. மோடல் மாறினாலும் அப்படியே இரண்டையும் ஜோடிக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும்: 'ஹீ ஐதர் கேனாட் ஆர் வில் நாட் ஹெல்ப்'. அவனால் முடியவில்லையா, அவனுக்கு மனமில்லையா, ஏதோ ஒன்று. சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச மிகவும் பயன்படும் வாக்கியம்.

பொதுவாக வைத்த மோடல் தூரத்தில் இருக்கும்போது ஒரு திருட்டு நடக்கும். 'ஷீ கேன் நைதர் ட்ரைவ் அ கார் நார் ரைட்ஸ் அ ஸ்கூட்டர்'. முதல் வினையில் 'கேன்' பக்கத்திலேயே இருந்ததால் 'ட்ரைவ்' சரியாக வந்தது. இரண்டாவது வினை வருவதற்குள் 'கேன்' மறந்துபோய், 'ஷீ' நினைவுக்கு வந்து 'ஸ்' ஒட்டிக்கொண்டது. 'ரைட்' என்றுதான் இருக்க வேண்டும். வங்கித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளுக்கு இது வாகான இடம். வாக்கியத்தின் நீளத்தை நம்பித்தான் கேள்வி எடுப்பவர் பிழையை ஒளித்துவைப்பார்.

'நாட் ஒன்லி' கொஞ்சம் கர்வமான ஜோடி. 1926இல் ஃபவ்லர் எழுதிய ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி இதை இடம் மாற்றி வைப்பவர்களை நன்றாகவே கடிந்துகொள்கிறது. வாக்கியத்தின் நடுவில் இதை வைக்கும்போது எழுத்தில் ஒரு கண்ணி இருக்கிறது: 'ஷீ கேன் நாட் ஒன்லி சிங் பட் ஆல்சோ டான்ஸ்'. இங்கே 'கேன்' தனி, 'நாட்' தனி. வழக்கமான பழக்கத்தில் இரண்டையும் ஒட்டி 'கேனாட்' என்று எழுதினால், பாட முடியாது என்கிற பக்கம் வாக்கியம் திரும்பிவிடும். ஆங்கிலத்தில் 'கேனாட்' என்பதைப் பிரித்தே எழுத வேண்டிய அரிய இடங்களில் இது ஒன்று.

அதையே வாக்கியத்தின் தலையில் வைத்தால் மோடல் எழுந்து ஆளுக்கு முன்னால் போய்விடும்: 'நாட் ஒன்லி கேன் ஷீ சிங், பட் ஷீ கேன் ஆல்சோ டான்ஸ்'. கேள்விக்குரிய வரிசை, ஆனால் கேள்வி இல்லை. இங்கேயும் மோடல் இருப்பது வசதிதான். சாதாரண வினை என்றால் 'டஸ்' என்று ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து, 'சிங்ஸ்' என்பதிலிருந்து 'ஸ்' எடுத்து, 'நாட் ஒன்லி டஸ் ஷீ சிங்' என்று கஷ்டப்பட வேண்டும். 'நார்', 'நைதர்' இரண்டும் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினாலும் இதே வரிசைதான். 'எனக்குக் கார் ஓட்டத் தெரியாது' என்று ஒருவர் சொன்னால், 'எனக்கும்தான்' என்பதற்கு 'நைதர் கேன் ஐ'.

கடைசியாக, மோடலாலும் காப்பாற்ற முடியாத ஓர் இடம். 'ரவியோ மாலாவோ குடையை விட்டுவிட்டுப் போயிருக்கணும்'. 'ஐதர் ரவி ஆர் மாலா மஸ்ட் ஹேவ் லெஃப்ட்...' வினை சரியாகிவிட்டது. யாருடைய குடை? 'ஹிஸ்' என்றால் மாலா கோபிப்பாள், 'ஹெர்' என்றால் ரவி சிரிப்பான். தமிழில் 'தன் குடை' என்றால் முடிந்தது. 'தன்' ஆண் பெண் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் நெடுங்காலமாக 'ஹிஸ்' என்று எழுதி அதில் பெண்ணும் அடக்கம் என்றார்கள். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்ட வாசகங்களுக்கு அதை எழுதியே வைத்தது. நம் நாட்டின் 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டம், 13ஆம் பிரிவு, இன்றைக்கும் அதையே சொல்கிறது. ஆனால் மக்கள் பேச்சில் ஒருவருக்கும் 'தேர்' என்று சொல்வது அதற்கு எவ்வளவோ முன்பே இருந்த பழக்கம். ஜேன் ஆஸ்டினின் நாவல்களில் நிறையவே உண்டு. 2019இல் வெளிவந்த அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏழாம் பதிப்பு நடைக் கையேடு ஒருமைக்கு 'தே', 'தேர்' எழுதுவதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது.

ஜோடியில் இரண்டு பேரும் ஆண்கள் என்றால் 'ஹிஸ்', இரண்டு பேரும் பெண்கள் என்றால் 'ஹெர்'. அதில் வழக்கு இல்லை. ஒருவர் தலைமை ஆசிரியர், மற்றவர்கள் ஆசிரியர்கள் என்று ஒருமையும் பன்மையும் வந்தால், பன்மையைப் பின்னால் வைத்து 'தேர்' போட்டுவிடுங்கள். ரவியும் மாலாவும் போல ஆணும் பெண்ணும் வந்தால், பள்ளித் தேர்வில் பாடப்புத்தகம் சொல்கிறபடி எழுதிவிட்டு வாருங்கள், மதிப்பெண் முக்கியம். அலுவலகக் கடிதத்தில் 'தேர்' என்று எழுதுங்கள். அதுவும் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் 'அன் அம்ப்ரெல்லா' என்று எழுதிவிடலாம். மழைக்காலத்தில் குடை யாருடையது என்பதை வந்து எடுத்துக்கொள்கிறவர் பார்த்துக்கொள்வார்.